இன்றைக்கு எதை மாற்றுவது?

பார்ம்.டி (டாக்டர் ஆஃப் பார்மசி) மாணவர்கள் வார்டில் கேஸ் பிரசன்ட் பண்ணும் விதத்தைப் பற்றி எனக்கு ரொம்ப நாளாக ஒரு மனக்குறை. சக ஆசிரியர்களிடம் சொன்னால், "உங்களுக்கு எப்பவுமே ஏதாவது ஒரு குறை சார்" என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். விஷயம் இதுதான். ஒரு நோயாளிக்குப் பத்துப் பன்னிரண்டு மருந்து ஓடுகிறது என்றால், மாணவர் அத்தனையையும் செல்போனில் இருக்கும் இன்டராக்‌ஷன் செக்கரில் போடுவார். எந்த மருந்தோடு எந்த மருந்து மோதும் என்று ஒரு பட்டியல் வரும். சிவப்பில் மேஜர், மஞ்சளில் மாடரேட், பச்சையில் மைனர். அதை அப்படியே ஸ்லைடில் ஒட்டுவார். பட்டியல் நீளமாக இருந்தால் உழைத்திருக்கிறார் என்று அர்த்தம்; மார்க்கும் அதற்கேற்ப விழும். கடைசி ஸ்லைடில் "மானிட்டர் செய்யவும்" என்று இருக்கும். கைதட்டல், அடுத்த மாணவர்.

மாணவர்களைக் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை. நாம் எதற்கு மார்க் போடுகிறோமோ அதைத்தான் செய்வார்கள். பார்ம்.டி இந்தியாவுக்கு வந்தது 2008இல். ஐந்து வருடம் படிப்பு, ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். 300 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் பயிற்சி. இன்டர்ன்ஷிப்பில் ஆறு மாதம் ஜெனரல் மெடிசின், மீதி ஆறு மாதம் மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். காகிதத்தில் பார்த்தால் நல்ல ஏற்பாடுதான். மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு பார்மசிஸ்ட்டின் வேலை முடியவில்லை, அந்த மருந்தால் நோயாளிக்கு என்ன ஆகிறது என்பதற்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்று அமெரிக்காவில் ஹெப்ளரும் ஸ்ட்ராண்டும் 1990இல் எழுதினார்கள். இன்றைய கிளினிக்கல் பார்மசிப் படிப்புக்குப் பின்னால் இருக்கும் யோசனை அது. இதை முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுகிறோம். அப்புறம் வருடக்கணக்கில் பட்டியல் போடக் கற்றுக்கொடுக்கிறோம்.

ஸ்ட்ராண்டும் அவர் கூட்டாளிகளும் பிற்பாடு மருந்துச் சிக்கல்களை ஏழாகப் பிரித்தார்கள். தேவையில்லாத மருந்து, தேவைப்பட்டும் கொடுக்காத மருந்து, வேலை செய்யாத மருந்து, குறைந்த அளவு, கூடுதல் அளவு, பக்கவிளைவு, நோயாளி ஒழுங்காகச் சாப்பிடாமல் விடுவது. இந்த ஏழையும் எங்கள் மாணவர்கள் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் இதில் இன்டராக்‌ஷன் தனியாக ஒரு வகையாக இல்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. அது காரணங்களில் ஒன்றுதான். அதனால் இந்த நோயாளிக்கு இப்போது என்ன ஆகியிருக்கிறது என்பதுதான் சிக்கல். பட்டியல் போடுகிறவர் காரணங்களோடு நின்றுவிடுகிறார்.

இப்படிப் பொதுவாகவே புலம்பிக்கொண்டிருந்திருப்பேன். ஒரு கேஸ் இதை எனக்குத் தெளிவாக்கியது. அதைத்தான் சொல்லப் போகிறேன். நோயாளி யாரென்று தெரியக் கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

சீஃப் கேட்ட கேள்வி

கொங்குப் பக்கம் ஒரு ஊர். 62 வயது அம்மா, எடை 48 கிலோ. சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கிப் போய், அதிலிருந்து ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்கிற தாறுமாறான துடிப்பும், அப்புறம் இதயச் செயலிழப்பும். கூடவே சர்க்கரை. ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை, குமட்டல், வாந்தி, தலைசுற்றல் என்று அட்மிட் ஆகியிருந்தார். சிறுநீரகம் சுணங்கினால் ரத்தத்தில் ஏறுகிற கிரியேட்டினின், ஆறு மாதத்துக்கு முன்னால் 1.1 இருந்தது, இப்போது 1.6. பொட்டாசியமும் கூடி 5.5. நாடித்துடிப்பு 50ஐ ஒட்டி. இரவு டியூட்டி டாக்டர் வாந்திக்கு ஊசி போட்டு, வீட்டில் சாப்பிட்டதையே தொடரச் சொல்லி எழுதியிருந்தார்.

காலை ரவுண்ட்ஸில் ஐந்தாம் வருட மாணவி ஒருவர் பிரசன்ட் பண்ணினார். நன்றாகப் படிக்கிற பெண். இதயத்துக்கு எனலாப்ரில், டிகாக்ஸின், நீர் பிரிய ஃபுரோசமைடும் ஸ்பைரோனோலாக்டோனும் சேர்ந்த மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்க அசினோகூமரால், சர்க்கரைக்கு கிளிமெப்பிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, அட்டோர்வாஸ்டாட்டின், பான்டோப்ரசோல், இரும்புச்சத்து என்று வரிசையாகச் சொல்லி, எது எதோடு மோதும் என்று அடுக்கினார். ஒரு இன்டராக்‌ஷனைக்கூட விடவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

சீஃப் பொறுமையாகக் கேட்டார். "எல்லாம் சரிம்மா. இன்னிக்கு நான் எதை மாத்தணும்?"

"பொட்டாசியம் மானிட்டர் பண்ணணும் சார்."

"பண்ணலாம். யாரு, எப்போ? எவ்வளவு வந்தா நான் என்ன செய்யணும்? அதுவரைக்கும் இந்த மாத்திரையெல்லாம் குடுக்கிறதா, வேண்டாமா?"

பதில் இல்லை. சீஃப் கோபப்படவும் இல்லை. அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். அவருக்குப் பதில் தெரியாமல் கேட்கவில்லை. பி.ஜி. (மேற்படிப்பு படிக்கும் டாக்டர்) ஒருவர் அதற்குள் டிகாக்ஸினையும் ஸ்பைரோனோலாக்டோன் கலந்த மாத்திரையையும் நிறுத்தி கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

பட்டியலில் இருந்தவை எல்லாமே உண்மை. ஆனால் எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. இரும்புச்சத்தை எப்போது சாப்பிடுவது என்கிற யோசனையும், டிகாக்ஸின் உடம்பில் சேர்ந்துகொண்டிருக்கலாம் என்கிற ஆபத்தும் ஒரே எழுத்தளவில், ஒன்றின் கீழ் ஒன்று. ஒற்றை வியாதிக்காரர் என்றால் இப்படிப் படித்தவர் சமாளித்துவிடலாம். நான்கு வியாதிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும் உடம்பில், ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் இன்னொன்றைக் காப்பாற்ற முடியும். எதை விட்டுக்கொடுப்பது என்று எந்த செக்கரும் சொல்லாது.

ரவுண்ட்ஸ் முடிந்ததும் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு முதலில் சிறுநீரகத்தைக் கணக்குப் போடச் சொன்னேன். காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரம், 1976இலிருந்து புழங்குவது. 140இலிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, கிரியேட்டினினை 72ஆல் பெருக்கி அதனால் வகு, பெண் என்றால் 0.85ஆல் பெருக்கு. நிமிடத்துக்கு 28 மில்லி போல் வந்தது. ஆனால் லேப் ரிப்போர்ட்டில் இ-ஜி.எஃப்.ஆர். (சிறுநீரகம் வடிகட்டுகிற வேகம்) 36 என்று அச்சாகியிருந்தது. எது சரி? இரண்டும் தன் வழியில் சரி. லேப் தருவது 1.73 சதுர மீட்டர் உடற்பரப்பு உள்ள ஆளுக்கு ஈடாக்கிய கணக்கு. இந்த அம்மாவின் உடற்பரப்பு 1.41 போலத்தான் இருக்கும். அதற்கேற்பக் குறைத்தால் லேப்பின் எண்ணும் 30ஐ ஒட்டி இறங்கிவிடும். மெலிந்த உடம்புள்ள நம்மூர் வயதானவர்களுக்கு இது சாதாரணமாக நடப்பது. ரிப்போர்ட்டில் பார்த்தால் பரவாயில்லை என்று தோன்றும். மருந்தை வெளியேற்றுகிற கணக்கில் அந்தச் சிறுநீரகம் திணறிக்கொண்டிருக்கும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: கிரியேட்டினின் நிலையாக நிற்காமல் ஏறிக்கொண்டிருக்கும்போது இரண்டு சூத்திரமுமே பொய் சொல்லும். உண்மை அதைவிட மோசமாக இருக்கும். இந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் மாணவர்கள் முகத்தில் ஒரு சலிப்பு வரும். அதை நான் ரசிப்பதுண்டு.

மஞ்சப்பை

கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். ஆறு மாதத்தில் கிரியேட்டினின் ஏன் ஏறியது? பட்டியலில் இருந்த மருந்துகள் எல்லாம் வருடக்கணக்காக ஓடுபவை. மாணவியிடம், செல்போனை வைத்துவிட்டு அந்த அம்மாவிடம் போய் உட்காரச் சொன்னேன். மாணவி அதற்கு முன்பே அந்த அம்மாவின் மகனிடம் சொல்லி, வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் செய்திருந்தார். அது என் யோசனை அல்ல, அவருடையது. மதியம் ஜவுளிக்கடை மஞ்சப்பை ஒன்று கட்டில்மேல் கவிழ்ந்தது.

அந்த அம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மாத்திரைகளை நம்மைவிட நன்றாக அறிமுகப்படுத்தினார். "இது சனி, ஞாயிறு லீவு வுடற மாத்திரை கண்ணு." அதுதான் டிகாக்ஸின். வாரம் ஐந்து நாள் கொடுத்து இரண்டு நாள் நிறுத்துவது நம்மூர் வழக்கம். "இது பல்லு வெளக்கறதுக்கு முன்னாடி. இது ஒண்ணுக்குப் போறதுக்கு. இதுவும் அதுக்குத்தானுங்க, நம்மூரு டாக்டரு எழுதுனது." கடைசியாகச் சொன்னதை மாணவி வாங்கிப் பார்த்தார். தனி ஸ்பைரோனோலாக்டோன். பெரிய ஆஸ்பத்திரியில் எழுதிய கூட்டு மாத்திரையிலும் அதே மருந்து இருக்கிறது. பெயர் வேறு, நிறம் வேறு, எழுதியவர் வேறு. இரண்டையும் மாதக்கணக்கில் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். பிராண்டுப் பெயரில் புழங்குகிற கூட்டு மாத்திரைகள் நம் நாட்டில் அவ்வளவு இருக்கின்றன; 2016இல் ஒரே அறிவிப்பில் 344 கூட்டு மருந்துகளை மத்திய அரசு தடை செய்தது என்றால் மீதியை ஊகித்துக்கொள்ளலாம். பொறுப்பான நோயாளிதான் இதில் அதிகம் மாட்டுவார். சொன்னதையெல்லாம் சாப்பிடுகிறவர் அவர்தானே.

பையின் அடியில் இன்னொரு ஸ்டிரிப் கிடந்தது. பாதி வெட்டியது, பெயர் இல்லாத பக்கம்.

"இது எதுக்குங்கம்மா?"

"அது மாத்திரைல சேத்தியே இல்ல கண்ணு. முட்டி வலிச்சாப் போட்டுக்கறது. மெடிக்கல்ல நாலு வாங்கிட்டு வருவான் பையன்."

"எப்பெப்போ வலிக்குங்க?"

"தெனமும் வலிக்குது."

டைக்ளோஃபெனாக். மருத்துவர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத ஷெட்யூல் எச் மருந்து. எந்த மெடிக்கலில் கேட்டாலும் கிடைக்கும், அது வேறு கதை.

இப்போது எல்லாம் ஒரு வரிசையில் வந்து நின்றது. சிறுநீரகத்தின் வடிகட்டிக்கு ரத்தம் வருகிற மடை ஒன்று, வெளியேறுகிற மடை ஒன்று. டைக்ளோஃபெனாக் வருகிற மடையை இறுக்குகிறது. எனலாப்ரில் வெளியேறுகிற மடையைத் திறந்துவிடுகிறது. ஃபுரோசமைடு வாய்க்காலில் வருகிற தண்ணீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே நிற்காது. சிறுநீரகம் சுணங்கியதும் பொட்டாசியம் தங்குகிறது. இரட்டை ஸ்பைரோனோலாக்டோன் அதற்குத் துணை போகிறது. டிகாக்ஸினும் வெளியேறாமல் தங்குகிறது. குமட்டல், பசியின்மை, மெதுவான நாடி, எல்லாம் அது செய்கிற வேலையாக இருக்கலாம். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் கடைசி வேளை சாப்பிட்டு ஆறு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். முன்னாலேயே எடுத்தால் பொய்யாக அதிகம் காட்டும். இதயச் செயலிழப்புக்கு மில்லிக்கு 0.5 முதல் 0.9 நானோகிராம் போதும். இந்த அம்மாவுக்கு 2ஐத் தாண்டி வந்தது.

செக்கர் இதைப் பிடித்திருக்குமா என்றால், டைக்ளோஃபெனாக்கை உள்ளே போட்டிருந்தால் பிடித்திருக்கும். கேஸ் ஷீட்டில் அது இல்லை. நோயாளியின் மனதில் அது மாத்திரைக் கணக்கிலேயே இல்லை.

இந்த இடத்தில் வகுப்பில் நான் எப்போதும் சொல்கிற ஒரு விஷயத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 1999இல் ரேல்ஸ் என்ற ஆய்வு, தீவிர இதயச் செயலிழப்பில் ஸ்பைரோனோலாக்டோன் உயிரைக் காக்கிறது என்று காட்டியது. நல்ல ஆய்வு, உண்மையான முடிவு. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் கிரியேட்டினின் 2.5க்குள், பொட்டாசியம் 5க்குள் என்று வடிகட்டப்பட்டவர்கள். அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கப்பட்டவர்கள். ஆய்வு வெளிவந்ததும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மருத்துவர்கள் வேகமாக எழுத ஆரம்பித்தார்கள். 2004இல் ஒரு கணக்கு வெளியானது. எனலாப்ரில் வகை மருந்து சாப்பிட்ட முதிய இதய நோயாளிகளில், பொட்டாசியம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 பேர்; 2001இல் 11 பேர். மருந்து அதேதான். கூடவே இருந்து பார்க்கிற ஆள்தான் இல்லை. கிளினிக்கல் பார்மசிஸ்ட் எதற்கு என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கணக்குதான்.

முட்டி வலிக்கு என்ன பதில்?

அன்று சாயங்காலம் மாணவி பி.ஜி.யைத் தேடிப் போய்ப் பையில் கிடைத்ததைச் சொன்னார். பார்ம்.டி பாடத்திட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு பாடம் இது. எதையும் ரவுண்ட்ஸுக்கு முன்னாலேயே பி.ஜி.யிடம் சொல்லிவிட வேண்டும். அவர் தானே கண்டுபிடித்த மாதிரி சீஃப்பிடம் சொன்னாலும் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். அதையே சீஃப் முன்னால் சொன்னால் புகார் ஆகிவிடும். அப்புறம் அந்த யூனிட்டில் நாலு மாதத்துக்கு நம் பிள்ளைகளுக்குக் கேஸ் ஷீட்டே கிடைக்காது. ரவுண்ட்ஸ் வரிசையில் சீஃப், அசிஸ்டென்ட், பி.ஜி., ஹவுஸ் சர்ஜன், சிஸ்டர் என்று போய்க் கடைசியில் நிற்பவர்கள் எங்கள் பிள்ளைகள். அங்கிருந்து சொல்கிற ஒரு வார்த்தை முன்னால் போய்ச் சேர வேண்டுமென்றால் அது சின்னதாக, தெளிவாக, செய்யக்கூடியதாக இருக்க வேண்டும்.

டைக்ளோஃபெனாக்கை நிறுத்தியாகிவிட்டது. இரட்டை மாத்திரையையும் நிறுத்தியாகிவிட்டது. வாந்தி நிற்கும்வரை எனலாப்ரிலும் மெட்ஃபார்மினும் வேண்டாம் என்று சீஃப் எழுதினார். பொட்டாசியம் இறங்கியது. நாலைந்து நாளில் அந்த அம்மா இட்லி சாப்பிட்டார். இங்கே கேஸ் முடிந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். மாணவியும் தன் ப்ரொஃபைல் ஃபார்மை மூடப் போனார்.

நான் ஒன்று கேட்டேன். வலி எங்கே போகும்?

தினமும் முட்டி வலிக்கிற ஒருவரிடமிருந்து வலி மாத்திரையைப் பிடுங்கிவிட்டு வீட்டுக்கு அனுப்பினால், பத்து நாளில் மகன் மறுபடி மெடிக்கலுக்குத்தான் போவார். ஆகவே நிறுத்தச் சொல்வது பாதி ஆலோசனை. மீதிப் பாதியைச் சொல்வதுதான் கஷ்டம். மாணவி இரண்டு நாள் யோசித்து, பாராசிட்டமால், மேலே தடவுகிற களிம்பு, தொடைத் தசைக்குப் பயிற்சி என்று எழுதினார். கூடவே ஒரு வரி. பாராசிட்டமாலைத் தினமும் 2 கிராம் அளவுக்குத் தொடர்ந்து சாப்பிட்டால் அசினோகூமரால் மாதிரி மருந்துகளின் வேலை கூடலாம்; அதனால் ஒரு வாரத்தில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) பார்க்க வேண்டும். முதல் நாள் எழுதிய "மானிட்டர் செய்யவும்" இல்லை இது. எதை, எப்போது, எதற்காக என்று இருந்தது.

வேறொரு மாணவர், ஐ.என்.ஆர். தொல்லையே இல்லாத புது வகை ரத்தமிளக்கி மாத்திரைக்கு மாற்றிவிடலாமே என்று கேட்டார். புத்திசாலித்தனமான கேள்விதான். ஆனால் ருமாட்டிக் வால்வு நோயும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் சேர்ந்து உள்ளவர்களை வைத்து, நம் நாட்டு நோயாளிகளும் உட்பட 4500 பேருக்கு மேல் சேர்த்து நடந்த இன்விக்டஸ் ஆய்வு 2022இல் வெளியானது. ரிவரோக்சபான் என்ற புது வகை மாத்திரை சாப்பிட்டவர்களைவிட, அசினோகூமரால் மாதிரிப் பழைய வகை மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் பிழைத்தார்கள். பணக்கார நாடுகளின் வழிகாட்டிகளை அப்படியே மனப்பாடம் செய்தால் இந்த இடத்தில் வழுக்கிவிடும். அங்கே ருமாட்டிக் வால்வு அருகிப் போய்விட்டது; நம் வார்டில் இன்னும் அது அன்றாடம்.

மூன்றாவது வாரம்

ஒரு வாரத்தில் வரச் சொன்னவர் மூன்றாவது வாரம்தான் வந்தார். மகன் விசைத்தறியில் வேலை. லீவு போட்டால் கூலி போகும். மாணவிக்கு அதற்குள் வேறு துறைக்குப் போஸ்டிங் மாறியிருந்தது. ஆனாலும் ஓபி நாளில் வந்து காத்திருந்தார். அந்த அம்மாவின் நாடி, பொட்டாசியம், கிரியேட்டினின் எல்லாம் நன்றாக இருந்தன. வலியும் பாதி குறைந்ததாம். ஐ.என்.ஆர். மட்டும் 4.1. 2க்கும் 3க்கும் நடுவில் இருந்திருக்க வேண்டும். ரத்தக்கசிவு எதுவும் இல்லை. டாக்டர் ஒரு வேளையை நிறுத்தி, அளவைக் கொஞ்சம் குறைத்து, நாலு நாளில் மறுபடி பார்க்கச் சொன்னார். ஆபத்து ஒன்றும் நடக்கவில்லை.

மாணவியின் முகம்தான் மாறிவிட்டது. "அப்ப நான் பாராசிட்டமால் சொன்னது தப்பா சார்?"

தப்பில்லை என்று உடனே சொல்லத் தோன்றியது. ஆனால் அது ஆறுதல், பதில் அல்ல. உட்கார்ந்து யோசித்தோம். பாராசிட்டமால் காரணமாக இருக்கலாம்; ஒரு நாளைக்கு எத்தனை போட்டீர்கள் என்று கேட்டதில், நாலு வரைக்கும் என்றார் அந்த அம்மா. வாந்தி நின்று கீரை, காய் என்று சாப்பிட ஆரம்பித்தபிறகு ஐ.என்.ஆர். இறங்கத்தான் வேண்டும், ஏறக் கூடாது. ஆகவே சாப்பாடு காரணமாக இருக்க வழியில்லை. இதயம் மறுபடி திணறி ஈரல் வீங்கியிருந்தால் ஏறும். ஆனால் காலில் நீர் இல்லை, எடை கூடவில்லை. பக்கத்து ஊரில் யாராவது ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா? இல்லையாம். இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தபோது பாராசிட்டமால் மீதுதான் சந்தேகம் நின்றது, அதுவும் நிச்சயமாக அல்ல. அப்படியென்றால் அதை நிறுத்துவதா? நிறுத்தினால் டைக்ளோஃபெனாக் திரும்பி வரும். அசினோகூமராலோடு டைக்ளோஃபெனாக் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்து, சிறுநீரகத்துக்குத் திரும்பவும் பழைய கதை. அதைவிடப் பாராசிட்டமாலை ஒரே அளவில், தினமும் இரண்டு என்று நிலையாக வைத்துக்கொண்டு, அதற்கேற்றபடி அசினோகூமராலைச் சரிசெய்வதுதான் உத்தமம். இது மாணவியே வந்து சேர்ந்த முடிவு. டாக்டரும் ஒப்புக்கொண்டார்.

என்னைப் பொறுத்தவரை அந்தப் பெண் பார்ம்.டி படித்தது அந்த ஓபி பெஞ்சில்தான். தான் சொன்ன ஒரு யோசனை ஒரு உடம்புக்குள் போய் என்ன செய்தது என்று அவர் முதல்முறையாகப் பார்த்தார். அது நல்லதும் செய்திருந்தது, கொஞ்சம் கெடுதலும் செய்திருந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு அடுத்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. சிக்கலான நோய்களில் மருந்தைக் கையாள்வது என்றால் இதுதான். ஆனால் எங்கள் பயிற்சி அமைப்பு இதைப் பார்க்கவே விடுவதில்லை. வார்டில் ஒரு நாள் படம் பிடித்த மாதிரி கேஸ் எடுக்கிறார்கள், ஃபார்மை நிரப்புகிறார்கள், டிஸ்சார்ஜ் ஆனதும் அந்த ஆள் மறைந்துவிடுகிறார். போஸ்டிங் மாறுகிறது. சொன்னது சரியா தவறா என்று தெரியாமலேயே நூற்றுக்கணக்கான யோசனைகளை எழுதிப் பழகியவர்கள், தாங்கள் சொல்வதெல்லாம் சரி என்றே நம்பத் தொடங்கிவிடுவார்கள். அல்லது எதையும் உறுதியாகச் சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொள்வார்கள். இரண்டாவது ரகம்தான் அதிகம்.

மார்க் எதற்குப் போடுவது

அப்புறம் என் மாணவர்களுக்குச் சில விஷயங்களை மாற்றினேன். இன்டராக்‌ஷன் பட்டியல் ஸ்லைடில் வரக் கூடாது, கையில் வைத்துக்கொள்ளலாம். பிரசன்டேஷனின் முதல் வாக்கியமே "இன்றைக்கு இதை மாற்றலாம்" அல்லது "இன்றைக்கு எதையும் மாற்ற வேண்டாம்" என்று இருக்க வேண்டும். அடுத்தது காரணம். அதற்கடுத்து, எதைப் பார்த்தால் நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதை எழுத வேண்டும். இந்த மூன்றாவதில்தான் எல்லாரும் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் ஆறு வருடத்தில் யாரும் அவர்களிடம் அதைக் கேட்டதில்லை. எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்வதற்கும் முழு மார்க் உண்டு என்று அறிவித்தபோது முதலில் நம்பவே இல்லை. மருந்தை மாற்றினால்தான் பார்மசிஸ்ட் வேலை செய்தார் என்று அர்த்தம் என அவர்கள் மனதில் பதிந்திருக்கிறது. அதோடு ஒவ்வொருவரும் ஒரு நோயாளியை, அவர் சம்மதத்தோடும் யூனிட்டின் அனுமதியோடும், போஸ்டிங் மாறினாலும் விடாமல் ஓபியில் தொடர வேண்டும். ஒரே ஒரு நோயாளி. பத்துப் பேரைத் தொடரச் சொன்னால் மறுபடியும் ஃபார்ம் நிரப்புவார்கள்.

எதிர்ப்பு இருக்கிறது. நியாயமான எதிர்ப்பும்கூட. எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் ஒரு மாணவருக்கு ஒதுக்குகிற நேரத்தில் இதையெல்லாம் மதிப்பிட முடியாது என்கிறார்கள். பட்டியல் என்றால் எண்ணிவிடலாம். இன்னொரு நண்பர் வேறு மாதிரிக் கேட்டார்: "இவங்கள்ல முக்கால்வாசிப் பேரு பார்மகோவிஜிலன்ஸ் கம்பெனிக்கும் மெடிக்கல் கோடிங்குக்கும்தான் போகப் போறாங்க. ஆஸ்பத்திரியில வேலையே இல்லை. எதுக்கு இந்தப் பாடு?" வேலை இல்லை என்பது பெருமளவு உண்மை. ஆறு வருடம் வார்டில் நின்றவர்களுக்கு வார்டில் ஒரு நாற்காலி போட நாம் இன்னும் தயாராகவில்லை. ஆனால் மருந்துகளின் பக்கவிளைவுகளைக் கண்காணிக்கிற பார்மகோவிஜிலன்ஸுக்குப் போனாலும் இது வீண்போகாது என்பது என் கட்சி. ஒரு பக்கவிளைவு அந்த மருந்தால்தான் வந்ததா என்று பார்க்க 1981இலிருந்து புழங்குகிற நரான்ஹோ அளவுகோலில் பத்துக் கேள்விகள். அதில் ஒன்று, மருந்தை நிறுத்தியபிறகு சரியானதா என்பது. கூடவே இருந்து பார்க்காதவர் அதற்கு "தெரியாது" என்றுதான் டிக் அடிப்பார். எத்தனை ரிப்போர்ட்டுகள் அப்படி வருகின்றன என்று அங்கே வேலை பார்க்கும் பழைய மாணவர்களைக் கேளுங்கள்.

எனக்கு இன்னொரு ஆசையும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தன்னார்வலர்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மஞ்சப்பை இருக்கிற வீட்டுக்குள்ளேயே போகிறவர்கள் அவர்கள். இன்டர்ன்ஷிப்பில் இரண்டு வாரம் எங்கள் பிள்ளைகள் அவர்கள்கூடப் போனால், "வலிக்கு ஏதாச்சும் போடறீங்களாம்மா?" என்று ஒரு கேள்வியை இரண்டு தரப்பும் சேர்ந்தே கேட்கப் பழகிவிடலாம். யாரிடம் மனு கொடுப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரியில் உடனடியாகக் கேட்டது சின்ன விஷயம். லாக் புக்கில் "யோசனை" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "அப்புறம் என்ன ஆயிற்று" என்று ஒரு கட்டம் சேர்த்து அச்சடிக்கச் சொன்னேன். இந்த வருடத்துக்கு ஏற்கெனவே அச்சாகிவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அதுவரைக்கும் ரிமார்க்ஸ் கட்டத்தில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அங்கே இடம் போதவில்லை என்று மாணவர்கள் இப்போதே புகார் சொல்கிறார்கள்.